நல்லதுக்கு ஒரு டெஸ்க்டாப், கெட்டதுக்கு ஒரு டெஸ்க்டாப்

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பெண்ணின் அப்பா. பெண்ணின் அம்மா. அப்பாவுக்கு அக்கா – அதாவது பெண்ணுக்கு அத்தை. என் மனைவி அமுதா. நான்.

அப்புறம், திரையில் ஒருவர். அவர் காலமாகி இரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் கடை வில்லியனூரில் இருப்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஃப்ளெக்ஸ் பேனர். டிசைன் இங்கே, பிரிண்ட் பாண்டியில். இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர். வாசலோர மேசை என்னுடையது. உள்ளே சுவரோரம் இருப்பது அமுதாவினுடையது. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பேனர் கடையில் ஒரு பழக்கம். வந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். குடும்பமாக. திரையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். பூவைக் கொஞ்சம் பெரிசு பண்ணு என்பார் ஒருவர். மாமா பேர் மேலே வரட்டும் என்பார் இன்னொருவர். டிசைனைப் போனில் அனுப்பி வைக்கிறேன், வீட்டில் இருந்தே பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் அவர்களுக்குப் பேனர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர் கண்ணில் சாவு பேனர் படக்கூடாது. பட்டால் எழுந்துவிடுவார். நீங்களாக இருந்தால் உட்கார்ந்திருப்பீர்களா?

எங்கள் கம்ப்யூட்டர்களில் இருப்பது லினக்ஸ். கொள்கை ஒன்றும் இல்லை. ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் எங்கள் கடைக்கு வரும். ஊரில் உள்ள வைரஸும் கூடவே வரும். அலுத்துப் போனேன். பாண்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் சரவணனைக் கூப்பிட்டேன். அவர் போட்டுக் கொடுத்ததுதான் லினக்ஸ். வைரஸ் தொல்லை விட்டது.

அதில் ஒரு வசதி. ஒரே திரைக்குள் நான்கு டெஸ்க்டாப். ஒரு வீட்டில் நான்கு அறை மாதிரி. ஓர் அறையில் இருக்கும்போது மற்ற அறையில் கிடப்பது தெரியாது. கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி – மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பக்கத்து அறை.

நான் பிரித்து வைத்துக்கொண்டேன். ஒன்றாவது டெஸ்க்டாப்பில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. இரண்டாவதில் சாவு, காரியம், நினைவஞ்சலி. மூன்றாவது கோயில். நான்காவது கட்சி.

நல்ல யோசனைதானே? இது என் யோசனை. அமுதாவின் யோசனை இல்லை. இதை அச்சில் போட்டு வைத்துக்கொள்கிறேன்... பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன்.

கல்யாணப் பேனருக்கு வந்தவர்கள் ஒதியம்பட்டுக்காரர்கள். நெல், கரும்பு என்று நிலம் உள்ள குடும்பம். பெரிய சொந்தம். இந்த மாதிரிக் குடும்பம் ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டால், அடுத்து மூன்று நான்கு வருஷத்துக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதே கடையில்தான் உட்காருவார்கள். எழுந்து போய்விட்டால் அதே மாதிரி எல்லாரும் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியும். அதனால் நாற்காலியைத் துண்டால் துடைத்தெல்லாம் போட்டேன்.

பெண்ணின் அப்பா பென் டிரைவைக் கொடுத்தார். செருகினேன். உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்க ஃபைல் மேனேஜர் வேண்டும் – போல்டருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் ஜன்னல். திரையின் கீழே அதன் ஐகான். அமுக்கினேன்.

நான் நின்றது ஒன்றாவது டெஸ்க்டாப்பில். அங்கேயே புது ஜன்னல் திறக்கும் என்று நினைத்தேன்.

லினக்ஸ் வேறு மாதிரி நினைத்தது. ஏற்கனவே ஒரு ஜன்னல் திறந்து கிடந்ததாம் – இரண்டாவது டெஸ்க்டாப்பில். காலையில் வேலை பார்த்துவிட்டு நான் மூடாமல் விட்டது. இருப்பதைக் காட்டினால் போதும் என்று அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. என்னை மட்டுமா? ஒதியம்பட்டையும் சேர்த்து.

பண்டசோழநல்லூர்ப் பெரியவர். மாலை போட்ட படம். பக்கத்தில் குத்துவிளக்கு. கீழே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி.

திரை முழுக்க.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பெண்ணின் அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க போலாம். வேற கடையா இல்ல?"

நான் அம்புக்குறியைத் தேடினேன். அவசரத்தில் இடமா வலமா என்று மறந்துவிட்டது. தட்டினேன். இரண்டு அறை தள்ளிப் போய் நின்றது. கட்சிக்காரர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவும் எழுந்துவிட்டார்.

அமுதா அவள் மேசையிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் அத்தையின் கையைப் பிடித்தாள்.

"அத்த, இந்த மேசைல வெளிச்சம் அடிக்குது, கலரே தெரியாது. உள்ள வாங்க. பொண்ணு முகூர்த்தப் புடவை இன்னா கலரு?"

அத்தை நின்றார். கோபத்தில் இருப்பவரிடம் புடவையைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வார்? அரக்கு என்று அம்மா சொன்னார். அரக்கு இல்லை, மாம்பழமும் அரக்கும் என்று அத்தை திருத்தினார். திருத்திக்கொண்டே உள்ளே நடந்தார். உட்கார்ந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போய் உட்கார்ந்தார்கள்.

அமுதா கை நீட்டினாள். பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன்.

அப்புறம் எனக்கு வேலை இல்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போன ஆதார் கார்டை லேமினேஷன் செய்தேன். செய்துகொண்டே பார்த்தேன். அவளும் அதே ஐகானைத்தான் அமுக்கினாள். ஜன்னல் அங்கேயே திறந்தது, சமர்த்தாக. இடது பக்கம் பென் டிரைவ் ஜன்னல், வலது பக்கம் டிசைன் வைக்கும் போல்டர் ஜன்னல். இங்கிருந்து இழுத்து அங்கே போட்டாள். வேலை முடிந்ததும் இரண்டையும் மூடினாள். அவள் கம்ப்யூட்டரிலும் இரண்டாவது டெஸ்க்டாப்பில் சாவு வேலை திறந்துதான் கிடந்தது. எனக்குத் தெரியும், நான்தான் கொடுத்தேன். அது தலையே காட்டவில்லை.

அதே ஐகான். அதே லினக்ஸ். எனக்குப் பெரியவர் வந்தார். அவளுக்குக் கல்யாணப் பெண் வந்தாள்.

போகும்போது அத்தை அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இது அன்றைக்கு ஆரம்பித்தது இல்லை. கொஞ்ச நாளாகவே உண்டு. அமுதா கடைக்கு வந்தது பில் போடத்தான். அப்புறம் ஜெராக்ஸ். அப்புறம் பேர் அடிக்க. அப்புறம் ஒருநாள் பார்த்தால் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் வருபவர்கள் என்னைத் தாண்டிப் பார்ப்பார்கள். அக்கா இல்லையா என்பார்கள். சாப்பிடப் போயிருக்கிறாள், நான் செய்து தருகிறேன் என்பேன். பரவாயில்லை, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்பார்கள். சில பேர் இரண்டு டீ குடித்திருக்கிறார்கள்.

அடுத்த தெருக் கடைக்காரன் மேல் பொறாமை வந்தால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம். வீட்டுக்காரி மேல் வந்தால்? அவள் போடும் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். சோறும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் சேர்ந்துகொண்டது.

அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீக்கடைக்குப் போய் நின்றுகொண்டு சரவணனுக்குப் போன் போட்டேன். ஃபைல் மேனேஜர் ஐகானை அமுக்கினால் வேறு டெஸ்க்டாப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறது, அதை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"அது ஒரு செட்டிங்ணா. அந்தந்த டெஸ்க்டாப்ல இருக்கற ஜன்னல அங்க மட்டும் பாருன்னு சொல்லிடலாம். அக்கா மெஷின்ல போன மாசமே போட்டுக் குடுத்தேனே. உங்களுதுலயும் போடட்டான்னு கேட்டேன். வேணாம், அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னாங்க."

டீ ஆறிவிட்டது.

தெரிந்திருக்குமாம்.

அன்று சாயந்திரம் கடையைச் சாத்தும்போது கேட்டேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று. கடையில் ஆள் இருந்தால் அவள் என்னை நீங்க என்பாள். இல்லாவிட்டால் நீதான்.

"நீ எப்ப கேட்ட?" என்றாள்.

பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

மறுநாள் வளைகாப்புக்கு ஒரு குடும்பம் வந்தது. ஒதியம்பட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பினார்களாம். என் மேசையைத் தாண்டி நேராக உள்ளே போனார்கள். உள்ளே இடம் குறைவு. பாதிப் பேர் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் வாசலில் நின்றார். அதற்கு அடுத்த நாளும் இதே கதை.

மேசையை மாற்றிக்கொள்ளலாம் என்றாள் அமுதா. சண்டைக்குச் சொல்லவில்லை. வழி அடைக்கிறது, அதனால் சொன்னாள். நியாயமாக இருந்தது. நியாயமாக இருந்தால் இன்னும் கோபம் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா?

நானே தூக்கிப் போட்டேன். அவள் மேசை வாசலுக்கு. என் மேசை சுவரோரத்துக்கு.

கூடவே அவள் இன்னொன்றும் சொன்னாள். சாவு வேலைக்கு வருபவர்களை ரோட்டைப் பார்க்க உட்கார வைக்க வேண்டாம். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறான். அவர்கள் உள்ளே உட்காரட்டும்.

ஆக, கல்யாணம், காதுகுத்து, கோயில், கட்சி எல்லாம் அவளுக்கு. எனக்கு இரண்டாவது டெஸ்க்டாப்.

சரவணன் வந்து என் கம்ப்யூட்டரிலும் அந்தச் செட்டிங்கைப் போட்டுக் கொடுத்தார். இப்போது எந்த ஜன்னலும் அறை தாண்டுவதில்லை. தாண்டினால்தான் என்ன? நான்கு அறையில் மூன்று காலி.

அந்த வாரம் நான் அதிகம் பேசவில்லை. எப்போதுமே அதிகம் பேசுவதில்லை. அதனால் அமுதாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

அப்புறம் ஒரு காலையில் மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். என் வயது இருக்கும். டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். விடியற்காலையில் அம்மா போய்விட்டார்கள். சாயந்திரம் எடுக்கிறார்கள். மதியத்துக்குள் பேனர் வேண்டும். அமுதா பக்கத்தில் அன்றைக்கும் ஒரு வளைகாப்புக் கூட்டம். கண்ணாலேயே என்னைக் காட்டினாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

படம் கேட்டேன். போனை எடுத்துக் கொடுத்தார்.

போனில் அம்மா இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள். மாடு இருந்தது. புது வண்டி இருந்தது. ஒரு படத்தில் ஓரத்தில் ஒரு தோள் தெரிந்தது. அதுதான் அம்மா என்றார். நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலையில் இது புதிது இல்லை. அம்மாக்களுக்குத் தனிப்படம் இருக்காது. எடுக்கும்போது அடுப்படியில் இருப்பார்கள், அல்லது போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார்கள்.

இதற்கு முன்னால் பேனருக்கு எங்களிடம் எப்போதாவது வந்ததுண்டா என்று கேட்டேன். போன வருஷம் தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு, பேனர் இங்கேதான் போட்டோம் என்றார். அந்தப் பேனருக்காக, முதலில் வீட்டோடு செய்த சடங்கில் எடுத்த படங்களைக் கொடுத்திருப்பார்கள். அவை எங்களிடம் இருக்கும். எது வந்தாலும் அழிப்பதில்லை.

ஆனால் இருப்பது அமுதாவின் கம்ப்யூட்டரில். நல்ல காரியப் போல்டரில்.

நல்லதுக்கு எடுத்த படத்தை அதற்கு எடுக்கலாமா என்று ஒரு யோசனை. வேறு வழி இல்லை. அங்கே வளைகாப்புப் பெண்ணின் மாமியார் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். நான் போய் அமுதாவிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். பென் டிரைவை நீட்டினேன்.

தலையை ஆட்டினாள். ஒரு தட்டு. காலியான டெஸ்க்டாப். மாமியாரிடம் வளையல் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். அவர் வளையலைக் காட்டுவதற்குள் ஜன்னல் ஒன்று திறந்தது, போல்டர் ஒன்று நகர்ந்தது, ஜன்னல் மூடியது. மறுபடி ஒரு தட்டு. வளைகாப்புப் பேனர் இருந்த இடத்தில் இருந்தது. பென் டிரைவ் என் கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்திலும் பொறாமைப்பட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

என் மேசையில் படங்களைத் திறந்தோம். அவர்தான் கண்டுபிடித்தார். பெண்கள் வரிசையாகச் சீர்த்தட்டோடு நிற்கும் படம். ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள் அவர் அம்மா. கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டிருந்தார்.

முகத்தை மட்டும் வெட்டினேன். இந்தப் பக்கம் இருப்பவரின் தோளை அழித்தேன். தட்டில் இருந்த வாழைப்பழத்தை அழித்தேன். கீழே தட்டைப் பிடித்த கை பாதி தெரிந்தது. அதையும் அழிக்கப் போனேன்.

"கை இருக்கட்டும்ணா," என்றார்.

விட்டுவிட்டேன். பேனருக்கு அது பொருத்தம் இல்லைதான். கை ஏன் அப்படி மடங்கியிருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். போதாதா?

பிரிண்ட்டுக்கு அனுப்பினேன். வேலை முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. டீ சொன்னேன். குடித்தார். திரையில் அந்தப் படத்தை மூடவில்லை, அப்படியே வைத்திருந்தேன். இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து போனார்.

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அதற்குப் பிறகு அந்த மாதிரி வருகிறவர்கள் வாசல் மேசையில் நிற்பதில்லை. அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு நேராக உள்ளே வருகிறார்கள். உட்காருகிறார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், வாத்தியார், மீன் விற்கிற அம்மா. வேலை முடிந்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாரும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள் போல. இங்கே யாரும் பேசுவதில்லை.

போன மாசம் ஒருநாள் சாப்பிடும்போது அமுதா ஆரம்பித்தாள்.

"என்கிட்ட வர்றவங்க வேலை முடிஞ்சா எழுந்து போயிடறாங்க. உன்கிட்ட வர்றவங்க உக்காந்தா உக்காந்ததுதான். நீ இன்னா பேசற அவங்ககிட்ட?"

"ஒண்ணும் பேசல."

"அதான் பாக்கறேன்," என்றாள்.

ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் வேகமாக. இலைக்கு வெளியே இரண்டு சொட்டு தெறித்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஊற்றி எனக்குப் பிடித்த ரசம் அதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு விடுகிறதா?

ஆடி பிறந்தது. கல்யாணம் கிடையாது. வாசல் மேசை காற்று வாங்கும், பார்ப்போம் என்று இருந்தேன். ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் வார்க்கிறார்கள். அலகு குத்திக்கொள்ளும் செடல், தீமிதி, சாமி ஊர்வலம். தெருவுக்குத் தெரு அம்மன் பேனர். அதெல்லாம் எந்த மேசைக்குப் போகும்? என் மேசைக்கா வரும்? மூன்றாவது டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து வேலை பார்க்கிறாள். கொட்டாவிகூட விடுவதில்லை.

ஒருநாள் அவளைப் பேனர் எண்ணிக்கையில் முந்திக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒரே ஒரு வாரமாவது. தோன்றிய உடனே தூக்கிவாரிப் போட்டது. நான் முந்த வேண்டுமென்றால் ஊரில் என்ன நடக்க வேண்டும்?

அன்றைக்கு விளக்கு வைக்கும்போது, நான் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை வைத்த கடைக்காரன் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வேண்டிக்கொண்டேன்தான். ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்த வாரம் – அவளுக்குப் பதினாறு. எனக்கு ஐந்து.